ஒன்பதும் இருபத்து நாலும்

நூற்றிருபது தாள்கள்.
ஜூத் முடிந்த மூன்று வாரத்தில்
சாணப் புகையும் ஆட்டுக் கொழுப்பும் மணக்க
ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தவை.
ஒன்றின் பின்புறம் குழந்தை வரைந்த ஒட்டகம்.
ஒன்றில் கையெழுத்துக்குப் பதில் தேநீர்க் கறை.

கேள்வி இரண்டுதான்.
இலையுதிர்காலத்தில் உலர்புல் சேர்த்தீர்களா?
மந்தையில் பாதிக்கு மேல் செத்ததா?
ஆம், இல்லை. ஆம், இல்லை.
இரண்டாவது ஆமுக்குக் கீழே
தாள் கிழியக் கோடு இழுத்தவர்களும் உண்டு.

பள்ளிக்கூடத்தில் கடன் வாங்கிய அடிக்கோலால்
குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு.
நாலு அறை வீடு தயார்.
எங்கள் கெர் வட்டமானது, மூலையே கிடையாது.
இந்த வீட்டில் மூலை மட்டும்தான்.

புஜித்மா தாளைப் படித்தாள், நான் கோடு போட்டேன்.
நாலு நின்ற கோடு, ஐந்தாவது சாய்ந்து,
கட்டிப்போட்ட குதிரைகள் மாதிரி.
பேனா உறையும்போதெல்லாம் அக்குளில் வைத்துக்கொண்டேன்.

மேல் நிரை, புல் உள்ளவர்கள்:
இழந்தவர் ஒன்பது, தப்பியவர் முப்பத்தாறு.
கீழ் நிரை, புல் இல்லாதவர்கள்:
இழந்தவர் ஐம்பத்தொன்று, தப்பியவர் இருபத்து நாலு.
பக்கவாட்டில் கூட்டினோம்: நாற்பத்தைந்து, எழுபத்தைந்து.
கீழே கூட்டினோம்: அறுபது, அறுபது.
கடைசி மூலையில் நூற்றிருபது வந்து உட்கார்ந்ததும்
புஜித்மா அடுப்பில் இன்னொரு வறட்டியைப் போட்டாள்.

உலான்பாத்தரிலிருந்து எர்தெனெபிலெக் போனில்:
"எண்ணிக்கை எதற்கு? சதவீதம் சொல்."
எதில் சதவீதம் என்று கேட்டேன்.
போன் கொஞ்ச நேரம் இரைந்தது.

நிரையால் வகுத்தால்
புல் இல்லாதவரில் நூற்றுக்கு அறுபத்தெட்டு பேர் இழந்தார்கள்.
நிரலால் வகுத்தால்
இழந்தவரில் நூற்றுக்கு எண்பத்தைந்து பேரிடம் புல் இல்லை.
மொத்தத்தால் வகுத்தால் வெறும் நாற்பத்திரண்டரை.
மூன்றும் அதே ஐம்பத்தொரு வீடுகள்.
வாசலில் விறகு மாதிரி அடுக்கிய
அதே ஆடுகள்.
கீழே நிற்கும் எண்ணை மாற்றினால் போதும்,
ஒரு பக்கம் துக்கம், மறுபக்கம் குற்றம்.

அவர் எண்பத்தைந்தை எடுத்துக்கொண்டார்.
"பார்த்தாயா, சோம்பல்தான்."

அன்றிரவு
ஒன்பதை மட்டும் தனியே பிரித்தேன்.
புல் இருந்தும் எப்படி?
ஏழு தாள்களில் காரணம் இருந்தது:
ஓநாய், கால்நோய், இடிந்த பட்டி.
எட்டாவதில் ஒன்றுமில்லை, அது அவர் இஷ்டம்.
ஒன்பதாவது, செரெந்துலாம்.
ஓரத்தில், பென்சிலில்,
கேட்காத கேள்விக்கு ஒரு பதில்:
"ஜனவரியில் பாதிப் புல்லை
கொம்போசூரெனுக்குக் கொடுத்தேன்.
அவன் சொல்லிவைத்த லாரி வரவில்லை."

கொம்போசூரெனைத் தேடினேன்.
இருபத்து நாலில் இருந்தான்.
புல் சேர்க்காமலும் தப்பியவன்.
அவன் தாளில் அவள் பெயர் இல்லை.
நாங்கள் கேட்கவில்லை,
அவன் சொல்லவில்லை.

மேலே இடது ஓரம் அவள்.
கீழே வலது ஓரம் அவன்.
என் அட்டவணையில்
பக்கவாட்டில் போகலாம், மேலும் கீழும் போகலாம்.
அவள் மூலைவிட்டமாகப் போயிருக்கிறாள்,
மைனஸ் நாற்பதில், இரண்டு ஒட்டகத்தில்,
பதினோரு கட்டுப் புல்லோடு.

ஒன்பதிலிருந்து இருபத்து நாலுக்கு
பென்சிலில் மெல்லிசாக ஒரு கோடு இழுத்தேன்.
இது எத்தனை சதவீதம்?
எதால் வகுப்பது, நூற்றிருபதாலா,
அவளிடம் மிஞ்சிய பதினான்கு ஆடுகளாலா?

நல்ல பிரதியில் அந்தக் கோடு இல்லை.
எண்பத்தைந்து தடித்த எழுத்தில் போய்விட்டது.

அடுத்த ஆண்டுத் தாளில்
மூன்றாவது கேள்வி ஒன்று சேர்த்து அனுப்பினேன்:
யாருக்காவது கொடுத்தீர்களா?
எர்தெனெபிலெக் சிவப்பு மையில் அடித்துத் திருப்பிவிட்டார்.
கட்டத்தில் இடமில்லையாம்.
உண்மைதான்.
கட்டம் போட்டது நான்தானே.